'துப்பி' என்று சொன்னவன் நான்

போன வாரமும் ஒரு ஃபோன் வந்தது. சேலம் பக்கத்தில் ஏதோ ஒரு மாதா கோயில் பங்கின் செயலாளராம். "உங்க ஊர்ல மாதா படத்தை எச்சில் துப்பித் தொடைச்சாங்களாமே, அந்தம்மா நம்பர் இருக்குங்களா? வேலை சுத்தமா இருக்குதுன்னு சொல்றாங்க. ஆனா எங்க ஜனங்க ஒத்துக்குவாங்களான்னுதான் யோசனை" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அந்த 'துப்பி'யை ஊருக்குள் விட்டதே நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் இதைப் படித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். அதில் பாதிக்கு மேல் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறி இறங்குகிற வண்டி. ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க விடுவார்களா? எங்கள் ஊர் சூசையன்கொட்டாய் மாதா கோயில் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். தலைவர் ஜோசப் ராஜ். அவருக்கு இரண்டு டிராக்டர் உண்டு, அவசரம் என்றால் ஓடி வருகிற மனசு உண்டு, அடுத்தவர் சொல்வதைக் கேட்கிற காது மட்டும் கிடையாது.

எங்கள் கோயிலில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது துயரம் சுமக்கிற வியாகுல மாதா படம் ஒன்றுதான். நாலடி உயரம், துணிமேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார் என்பார்கள். செப்டம்பரில் திருவிழாக் கொடியேற்றத்தன்று ஜோசப் ராஜ் வீட்டார் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து மாதாவின் முகத்தில் முதல் விரல் வைப்பார்கள். அது அவர்கள் வீட்டு உரிமை. பிறகு ஊரே வரிசையில் நின்று தடவும். தடவிய விரலைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் நெற்றியில் வைக்கும். அன்றைக்குப் படம் பளபளவென்று இருக்கும். அந்தப் பிசுக்கின்மேல் வருஷம் முழுக்க மெழுகுவர்த்திப் புகையும் தூசியும் ஏறும். அடுத்த வருஷம் அதன்மேல் மறுபடி எண்ணெய். நான் சின்னப் பையனாகப் புதுநன்மை வாங்கிய காலத்திலேயே முகம் மங்கல்தான். போன வருஷம் பார்த்தால் மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எங்கள் பக்தியே படத்தைக் கெடுத்தது. இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் அதுதான் உண்மை.

மழையில் ஓடு ஒழுகிப் படத்தின் ஓரம் கிழிந்த பிறகுதான் கமிட்டிக்கு உறைத்தது. தருமபுரியில் போர்டு எழுதுகிற மாதவராஜைக் கூப்பிட்டு எனாமல் பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிவிடலாம் என்றார் ஜோசப் ராஜ். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆக்சிலியாவின் பெயரைச் சொன்னேன். கொடியேற்றத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் மாதவராஜ்தான் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள்.

ஆக்சிலியா பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. நாற்பத்தொரு வயசு. அப்பா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார். தருமபுரியில் வேதியியல் முடித்தாள். வாத்தியார் வேலை கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபிரேம் கடையில் கண்ணாடி வெட்டப் போனாள். அங்கே வருகிற கரையான் அரித்த படங்களை மற்றவர்கள் அட்டைக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். இவள் மட்டும் அரித்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். கடைக்காரரே சலித்துப்போய், பெங்களூரில் பழைய ஓவியங்களைச் சரிசெய்கிற ஒரு பட்டறைக்கு அவளை அனுப்பிவிட்டார். பாட்டில் கழுவுகிற வேலையில் சேர்ந்து ஒன்பது வருஷம் இருந்தாள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திரும்பிவிட்டாள். இப்போது ஸ்கூட்டியில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறாள். மாதா கோயில், மாரியம்மன் கோயில், பண்ணைக்காரர் வீட்டுத் தாத்தா படம் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

பேச்சு குறைவு. வாய் திறந்தால் நேராக வரும். பெங்களூரில் இரண்டாம் வருஷம் அவசரப்பட்டுக் கடுமையான மருந்தைப் போட்டு ஒரு படத்தில் ஒரு சுண்டுவிரலையே துடைத்து எடுத்துவிட்டாளாம். "அந்த விரல் யாரு வரைஞ்சதோ, இனி யாராலயும் திருப்பித் தர முடியாதுண்ணா" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள். சொல்லும்போது தன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் வேலை தொடங்கியது. கிழிசலைப் பின்பக்கத்திலிருந்து நூல் நூலாகச் சேர்த்தாள். அங்கியைச் சுத்தம் செய்தாள். முகத்தைக் கடைசியில்தான் தொட்டாள். கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அதுவரை காலையில் என் மனைவி ராணியம்மாள் கொண்டுபோய்க் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு உட்காருவாள். முகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து வேண்டாம் என்றுவிட்டாள். இட்லியும் வேண்டாம். "மத்தியானமா பாத்துக்கறேங்கக்கா" என்பதோடு சரி. ராணிக்கு மூஞ்சி தொங்கிப்போனது. நம் வீட்டுக் காப்பி கசக்கிறதாம் அவளுக்கு என்று மூன்று நாள் புலம்பினாள். பெங்களூர்க் காப்பிக்குப் பழகினவர்களுக்கு நம் தூள் பிடிக்குமா என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை கமிட்டி நோட்டை எடுக்கக் கோயிலுக்குப் போனேன். வேலை நேரத்தில் பெரிய கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள், அதனால் பக்கக் கதவு வழியாகப் பார்த்தேன். ஆக்சிலியா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினாள். அதை வாயில் வைத்து நாக்கில் ஒரு உருட்டு உருட்டினாள். அப்படியே மாதாவின் கன்னத்தில் வைத்துத் திருகினாள். பஞ்சு கறுப்பாக வந்தது. அதைப் போட்டுவிட்டு வேறு பஞ்சை எடுத்துச் சுத்தத் தண்ணீர் தொட்டு அதே இடத்தை ஒற்றினாள். மறுபடி புதுப் பஞ்சு, மறுபடி நாக்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சத்தமும் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கேயே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டில் ராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காப்பிக் கோபத்தில் இருக்கிறாளே, கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று எனக்கு ஒரு கிறுக்குத்தனம். "உன் காப்பியக் குடிக்காத மகராசி, மாதா மூஞ்சில எச்சில் துப்பித் தொடைக்கிறா" என்றேன்.

பார்த்தது நாக்கில் தொட்டதை. வாயில் வந்தது 'துப்பி'. முப்பது வருஷம் பஸ்ஸில் ஆட்களைச் சிரிக்க வைத்துப் பழகின வாய், ருசியான வார்த்தையாகப் பார்த்து எடுத்துவிட்டது.

ராணி சிரிக்கவில்லை. வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது: மாதா முகத்தில் எச்சில் துப்பும் பெண், கமிட்டி தூங்குகிறதா? அடுத்த நாள் அரூர், கடத்தூர் என்று சொந்தக்காரர்கள் ஃபோன் போட ஆரம்பித்தார்கள். எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் சொன்னது யார் என்றும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு இருந்தேன்.

அன்று சாயங்காலம் செபமாலை முடிந்ததும் கமிட்டி கூடியது. பங்குச் சாமியார் அருள்குமார் ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்தவர். சின்ன வயசு, ஊரைக் கண்டு பயம். ஆக்சிலியா அவரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள். ஜனங்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் தடுத்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தில் அவர் தரையைப் பார்த்தபடி, எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்றார். ஜோசப் ராஜ் முடிவு செய்தார். நாளைக்குப் பத்து மணிக்கு மாதவராஜ் வருவான், அந்தம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். தீர்மானத்தை எழுதச் சொன்னார்கள். செயலாளர் நான்தானே, எழுதினேன். ஒரு வார்த்தை விடாமல் முழுசாக எழுதி முடித்தேன்.

அதைச் சொல்ல ஆக்சிலியாவுக்கு ஃபோன் செய்ததும் நான்தான். அவள், "பாதி முகம்தாண்ணா வந்திருக்குது" என்றாள். எனாமல் ஏறிவிட்டால் அதைக் கழற்றுகிற மருந்து அடியில் இருப்பதையும் சேர்த்துக் கழற்றிவிடும், பிறகு ஆண்டவனே வந்தாலும் முகம் திரும்பாது என்றாள். துப்பினேன் என்று யார் சொன்னது என்று கேட்டாள். தெரியவில்லையே என்றேன்.

மறுநாள் ஒன்பதரைக்கெல்லாம் கோயில் நிறைந்துவிட்டது. பூசைக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆக்சிலியா எங்களுக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முதுகு எங்கள் பக்கம். கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. அவளுக்கு மேலே மாதாவின் முகம் பாதி இருட்டாகவும் பாதி வெளிச்சமாகவும் இருந்தது. வெளிச்சமான பாதியில் ஒரு கண். அந்தக் கண்ணுக்குக் கீழே, விழப்போகிற நிலையில் ஒரு சொட்டுக் கண்ணீர். உயிரோடு இருக்கிற எங்களில் யாரும் அந்தச் சொட்டை அதுவரை பார்த்ததில்லை. வியாகுல மாதா என்று வாய் வலிக்கக் கூப்பிட்டிருக்கிறோம், அவள் அழுகிறாள் என்பது எங்களுக்கே தெரியாது.

மாதவராஜ் ஏணியைச் சாத்தினார். அவர்மேல் குற்றம் இல்லை, கூப்பிட்டார்கள், வந்தார். ஒரு டின்னின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். தின்னர் வாசனை கோயில் முழுக்கப் பரவியது. அந்த வாசனை வந்ததும்தான் ஆக்சிலியா திரும்பினாள்.

"நான் பாதியில எறங்க மாட்டேன் தலைவரே."

ஊர் உலகத்தில் எச்சிலைத் தவிர வேறு மருந்தே இல்லையா என்று ஜோசப் ராஜ் கேட்டார். அவள் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தைப் பிரித்து மூன்று பஞ்சுக் குச்சிகளைக் காட்டினாள். மூன்றும் முக்காட்டின் ஓரத்தில் ஒரு நெல்மணி அகலத்துக்குப் பரீட்சை பார்த்தவை. முதலாவது வெறும் தண்ணீர், அதில் அழுக்கே வரவில்லை. இரண்டாவது ஸ்பிரிட், அதில் அழுக்கோடு முக்காட்டின் நீலமும் வந்திருந்தது. மூன்றாவது அவள் வாய்த் தண்ணீர். அதில் கறுப்பு மட்டும். மனுஷ வாயில் ஊறுவதில் பிசுக்கை இளக்குகிற சத்து இருக்கிறது, வண்ணத்தை அது தொடாது, பெரிய பெரிய இடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். குரல் உயரவில்லை. மூன்று குச்சியையும் மறுபடி காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

"அழுக்கு போகலேன்னாலும் பரவால்ல. மாதா மேல எச்சில் படக்கூடாது" என்றார் ஜோசப் ராஜ். கூட்டத்தில் பல தலைகள் ஆடின. மாதவராஜ் ஏணியில் முதல் படி ஏறினார். ஆக்சிலியா எழுந்து படத்துக்கு முன்னால் நின்றாள். அவளுக்கும் அவர் பிரஷ்ஷுக்கும் நடுவில் இரண்டு முழம்தான் இருக்கும். யாராவது அவள் தோளைத் தொட்டு இழுத்திருந்தால் அன்றைக்கு என்னென்ன ஆகியிருக்குமோ. இழுக்க இரண்டு பேர் தயாராகவும் இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குக் கால் நகர்ந்தது. வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. இப்போது பேசாவிட்டால் இனி இந்தக் கோயிலுக்குள் வர முடியாது என்று பயம், அவ்வளவுதான்.

"அவ துப்பலைங்க. நாக்குல தொட்டா. துப்பினான்னு சொன்னது நான். சும்மா சிரிப்புக்குச் சொன்னேன்" என்றேன்.

ஆக்சிலியா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் வேறு ஏதாவது பேசியே ஆக வேண்டியிருந்தது. என் கட்டைவிரலை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன். மிஷின் வருவதற்கு முன்னால் இந்த விரலை எச்சில் தொட்டுத்தானே எத்தனையோ வருஷம் உங்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்தேன், அந்த டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு கம்பியைப் பிடித்தீர்களே, யாராவது இறங்கிப் போனீர்களா என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோசப் ராஜ் சிரிக்கவில்லை.

"டிக்கெட்டு வேற, மாதா வேற. துப்பினா என்ன, தொட்டா என்ன, எச்சில் எச்சில்தான்." மாதவராஜைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பிரஷ்ஷை டின்னில் முக்கினார்.

என்னால் ஆனது அவ்வளவுதான். நான் கையைக் கீழே போட்டுவிட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ராணி எழுந்து வந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக ஆக்சிலியாவிடம் போனாள்.

"ஏம்மா, நீ காலையில காப்பி வேணாம்னது இதுக்கா?"

ஆக்சிலியா தலையாட்டினாள். காப்பி, காரம், புளி எது வாயில் இருந்தாலும் அது மாதா மேல் பட்டுவிடும், அதனால் விடிகாலை வாய் கழுவினால் மத்தியானம் வேலை முடிகிறவரை வெறும் தண்ணீர்தான் என்றாள்.

"எத்தினி நாளா?"

"மொகத்தத் தொட்டதிலிருந்துங்கக்கா. இன்னைக்குப் பதினோரு நாளு."

ராணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பதினோரு நாளா ஒருசந்தியா இருந்திருக்கிறா. நம்ம வூட்டுக் காப்பியக் கொற சொல்றான்னு நான் ஊரெல்லாம் பேசிட்டேன்" என்றாள். அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியாத குரல்.

ஒருசந்தி என்றால் எங்கள் ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நாங்கள் இருக்கிற விரதம் அது. இருந்து பார்த்தவர்களுக்குத்தான் பதினோரு மணிக்கு வயிறு என்ன பாடு படுத்தும் என்று தெரியும். ஆக்சிலியாவோ கிடைத்த பிடியையும் விட்டாள். "நேர்ந்துகிட்டு இருந்ததில்லீங்கக்கா, வேலைக்காகத்தான்" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன? பொய் சொல்ல வராத ஜென்மம்.

ஆனால் பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. ராணி படத்துக்கும் ஏணிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். ஜோசப் ராஜின் மனைவி வேளாங்கண்ணி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று எண்ணவில்லை. ஏணியை எடுக்கவும் வழியில்லை, ஏறவும் வழியில்லை. பிரஷ்ஷிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இன்றைக்கும் அந்தக் கறை அங்கே இருக்கிறது.

ஜோசப் ராஜ் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு மாதாவின் பாதி முகத்தைப் பார்த்தார். அன்று காலையில் அதை அவர் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில்கூடப் பத்து மணிக்கு மேல் பசி தாங்காத மனுஷன் அவர். மாதவராஜிடம் திரும்பி, "தம்பி, மூடியப் போட்டுருப்பா" என்றார்.

மீதி நாலு நாளும் அவள் அப்படியே வேலை செய்தாள். கதவை இப்போது யாரும் சாத்தவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டாவது கண் வந்தது. அதற்குக் கீழே கண்ணீர் இல்லை.

கொடியேற்றத்தன்று இன்னொரு கண்டம் காத்திருந்தது. ஜோசப் ராஜ் வழக்கம்போல வெண்கலக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை, நானும்தான். கொடி ஏறியது, பாட்டு முடிந்தது. அவர் படத்தின் முன்னால் போய் எண்ணெயில் விரலை முக்கினார். பின்னால் ஊரே வரிசை கட்டி நின்றது. ஆக்சிலியா தூணருகே நின்று தன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜோசப் ராஜின் கை மாதாவின் கன்னத்துக்குப் பக்கம் வரை போனது. அங்கேயே நின்றது. விரல் நுனியிலிருந்து எண்ணெய் அவர் மணிக்கட்டுக்கு வழிந்தது.

"எங்கேம்மா வைக்கிறது?" என்று திரும்பாமலே கேட்டார்.

"எங்கயும் வேண்டாங்க தலைவரே" என்றாள் அவள்.

அவர் கையை இறக்கினார். கிண்ணத்தோடு பீடத்து விளக்கருகே போய் எண்ணெய் முழுவதையும் அதில் ஊற்றினார். ஜனங்கள் விளக்கைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அன்று ஆக்சிலியா எங்கள் வீட்டில் காப்பி குடித்தாள். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். ஃபோனில் தெரியாது என்று சொன்னீர்களே, அதுதான் வருத்தம் என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

மாதா முகத்தின் நூறு வருஷ அழுக்கு பதினைந்து நாளில் போய்விட்டது. நான் விட்ட சொல் ஒரு வருஷமாகியும் போகவில்லை. இரண்டு கோயில்காரர்கள் ஆக்சிலியாவைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லையாம். காரணம் எனக்குத் தெரியும். அந்தச் சேலம்காரரிடம் நம்பரைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், "துப்பலைங்க, தொட்டாங்க. அதுவும் ஒருசந்தி இருந்து தொட்டாங்க" என்றேன். சரிங்க சரிங்க என்று எழுதிக்கொண்டார். வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருந்த யாரிடமோ அவர் சொன்னது காதில் விழுந்தது. "அந்த எச்சில் துப்புற அம்மா நம்பர் கெடச்சிருச்சு."